மரம் வெட்ட வந்தவர் மோட்டார் கொட்டகையை உடைத்தால்...

காய்ப்பு ஓய்ந்த தென்னையையோ, கிணற்றோரம் சாய்ந்து நிற்கும் புளியையோ அப்புறப்படுத்த முன்பெல்லாம் ஊரிலேயே கோடரியும் கயிறுமாக ஆட்கள் இருந்தார்கள். கிளை கிளையாகக் கழித்து, கயிறு கட்டி, நிதானமாக இறக்குவார்கள். ஒரு மரத்துக்கு ஒரு நாள் முழுவதும் பிடித்தாலும், பக்கத்தில் நிற்கும் செடி கசங்காது. இப்போது மரம் அறுக்கும் மிஷினும் பொக்லைனும் வந்துவிட்டன. ஒரு நாளில் தோப்பையே காலி செய்துவிடுகிறார்கள். வேலை விரைவாக முடிவது நல்லதுதான். ஆனால் அவர்கள் போன பிறகு மோட்டார் கொட்டகையின் கூரை உடைந்திருக்கிறது, குழாய் நசுங்கியிருக்கிறது, அடுத்தவர் வேலி விழுந்திருக்கிறது. கேட்டால், "மரம்னா விழத்தானே செய்யும் ஐயா" என்று ஒரே பதில்.

2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அந்த நாட்களில் யார் மிஷினோடு வந்தாலும் விசாரிக்காமல் தோப்புக்குள் விட்டோம். எங்கள் தோப்பிலும் அப்படித்தான் நடந்தது. விழுந்த மரத்தைப் பொக்லைன் கட்டி இழுத்தபோது மண்ணுக்கடியில் போயிருந்த பிவிசி குழாய் இரண்டு இடத்தில் உடைந்தது. கொட்டகையின் மூலைச் சுவர் பெயர்ந்தது. புயலுக்குத் தப்பி நின்ற நான்கு மரங்களின் தண்டு உரசி உரிந்தது. ஒப்பந்தக்காரர் அடுத்த தோப்புக்குப் போகும் அவசரத்தில் இருந்தார். நானும் கணக்குப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். சுவரும் குழாயும் சில ஆயிரத்தோடு முடிந்தன. உரிந்த நான்கு மரங்களில் இரண்டு, ஆறு மாதத்துக்குள் சிவப்புக் கூன்வண்டுக்கு இரையாயின. அதற்குப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியவற்றையும், எங்கு போய்க் கேட்கலாம் என்பதையும் கீழே விவரித்திருக்கிறோம்.

விழுந்த உடனே

முதல் காரியம், வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். கொட்டகை மேல் மரம் விழுந்திருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்காமல் யாரும் அருகில் போகக் கூடாது. அறுந்த கம்பி ஈரமான வரப்பில் கிடந்தால் சில அடி தூரத்தில் நிற்பதும் ஆபத்து. மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குத் தெரிவித்துவிட்டு, ஆட்களையும் மாடுகளையும் விலக்கி நிறுத்த வேண்டும்.

அதன்பின், விழுந்த மரத்தை அகற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று கைபேசி இல்லாத வீடு அரிது. தூரத்தில் நின்று ஒன்று, அருகில் நின்று பல, அளவு நாடாவை வைத்து ஒன்று என எடுங்கள். வந்திருக்கும் பொக்லைன், லாரி ஆகியவற்றின் பதிவு எண் தெரிகிற மாதிரி ஒரு படம் அவசியம். ஒப்பந்தக்காரரின் முழுப் பெயரும் முகவரியும் தெரியாமல் வெறும் கைபேசி எண்ணை மட்டும் வைத்திருப்பவர்களே நம்மில் அதிகம். வழக்கென்று வந்தால் அந்த வண்டி எண்தான் ஆளைக் கண்டுபிடிக்க உதவும். படங்களை அதே கைபேசியில் அழிக்காமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, எடுத்த கருவியைக் குறிப்பிட்டு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும்.

அன்றைய தினமே, நடந்ததை ஒரு தாளில் எழுதி ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்து கேளுங்கள். போட மறுத்தால், அருகில் இருந்த இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, அதன் படத்தை அவருடைய கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு விரைவுத் தபாலிலும் ஒரு பிரதி போகட்டும். "அன்றைக்கே சொல்லவில்லையே" என்ற வாதம் அத்தோடு அடிபட்டுப் போகும்.

உடைந்ததைச் சரிசெய்யாமல் அப்படியே போட்டு வைத்தால்தான் வழக்கு நிற்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைக் குறைக்க நம்மிடம் இருந்த வழிகளையும் பார்க்கச் சொல்கிறது. குழாய் உடைந்து நெல் காய்ந்துகொண்டிருக்கும்போது, ஒட்டுப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சாமல் இருந்துவிட்டு முழுப் பயிருக்கும் நஷ்ட ஈடு கேட்டால் கிடைக்காது. படம் எடுத்தாயிற்றென்றால் தாராளமாகப் பழுது பாருங்கள். உடைந்த குழாய்த் துண்டையும், கடை பில்லையும், கொத்தனார் கொடுத்த கூலிச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத சேதம்

கூரையும் சுவரும் உடைந்தால் உடனே தெரியும். விவசாயிக்குப் பெரிய நஷ்டம் தருபவை பெரும்பாலும் அன்றைக்குத் தெரியாதவை.

தென்னையில் சிவப்புக் கூன்வண்டு தண்டில் ஏற்பட்ட காயத்தைத் தேடி வந்து முட்டையிடும். புழு உள்ளே குடைந்து தின்றுகொண்டே போகும். தண்டில் ஓட்டையும், அதிலிருந்து செம்பழுப்புச் சாறும், மென்று துப்பியது போன்ற நாரும் வெளியே தெரியும்போது உட்புறம் பெரும்பாலும் போயிருக்கும். ஆகவே மிஷினோ, இழுத்த மரமோ, சங்கிலியோ உரசிய ஒவ்வொரு மரத்துக்கும் அன்றைக்கே சுண்ணாம்பால் எண் போட்டு, காயத்தைப் படம் எடுக்க வேண்டும். பிறகு பிசிறைச் செதுக்கிச் சமமாக்கி, போர்டோ பசையோ தாரோ தடவ வேண்டும். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துச் சேர்த்தால் ஒரு லிட்டர் பசை கிடைக்கும். மண் பாத்திரமோ பிளாஸ்டிக் வாளியோ பயன்படுத்துங்கள், இரும்பு ஆகாது. இந்தச் செலவையும் நஷ்டக் கணக்கில் சேர்க்கலாம்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையையும் துண்டுகளையும் தோப்பிலேயே போட்டுவிட்டுப் போவதும் ஒரு சேதம்தான். மக்கும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு பெருகும் இடம். "எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன்" என்று பேசிவிட்டு, விலை போகும் பகுதியை மட்டும் ஏற்றிச் செல்பவர்கள் உண்டு.

குழாய் விஷயத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் மோட்டாரைப் போட்டு, எல்லா வால்வையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். கனமான பொக்லைன் ஏறிய இடத்தில் குழாய் விண்டிருந்தால் மண் ஈரமாகிக் காட்டிக் கொடுத்துவிடும். சொட்டுநீர்ப் பாசனக் குழாய் போட்ட தோட்டமானால் ஒவ்வொரு வரிசையிலும் நடந்து பார்க்கத்தான் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் வாய் திறந்திருந்தால் கல்லோ கட்டையோ உள்ளே விழலாம். அதை எடுப்பது எளிதல்ல. வேலை தொடங்கும் முன்பே மூடி போட்டுவிடுங்கள்.

நஷ்டத்தை எப்படிக் கணக்கிடுவது?

"சுமார் ஒரு லட்சம் போச்சு" என்று எழுதினால் யாரும் கேட்கமாட்டார்கள். இனம் இனமாகப் பிரித்து எழுத வேண்டும். கொட்டகைக்குக் கொத்தனாரின் மதிப்பீடு, குழாய்க்குக் கடை பில், தண்ணீர் பாய்ச்ச வாடகைக்கு எடுத்த எஞ்சினுக்கு ரசீது. 10 வருடப் பழைய கூரைக்குப் புதுக்கூரையின் முழு விலையைக் கேட்டால், எதிர்த்தரப்பு தேய்மானத்தைக் கழிக்கச் சொல்லும். அதற்குத் தயாராக இருங்கள்.

நிற்கிற மரம் அழிந்தால் கணக்கு வேறு. அரசு அறிவித்த 600 ரூபாய் நிவாரணமே தவிர, மரத்தின் மதிப்பு அல்ல. அதை ஒப்பந்தக்காரர் எடுத்துக்காட்டினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். உதாரணமாக, நன்றாகக் காய்க்கும் நெட்டை மரம் ஆண்டுக்கு 80 காய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். காய் 15 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். உரம், பறிகூலி என 400 ரூபாயைக் கழித்தால் 800 மிஞ்சும். அந்த இடத்தில் வைக்கும் புது நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஏறக்குறைய 7 ஆண்டு ஆகும். 7 ஆண்டுக்கு 5,600 ரூபாய். அதோடு கன்று, குழி, முதல் ஆண்டுகளின் பராமரிப்பு. உங்கள் ஊர் விலையையும் உங்கள் தோப்பின் காய்ப்பையும் போட்டு இதே போல் கணக்கிடலாம். காய் விற்ற பழைய சீட்டுகள் இருந்தால் அதைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

தென்னைக்கு வேளாண்மைத் துறையின் உதவி வேளாண்மை அலுவலரையும், மா, பலா, முந்திரிக்குத் தோட்டக்கலைத் துறை அலுவலரையும் வந்து பார்க்கச் சொல்லி மனுக் கொடுங்கள். அவர்கள் பார்த்து எழுதிக் கொடுத்தால் பலம்.

கூலிக்கா, விலைக்கா?

இந்த ஒரு கேள்வியைப் பொறுத்துத்தான் நீங்கள் எங்கு போய்க் கேட்கலாம் என்பது அமையும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

பணம் கொடுத்து மரத்தை வெட்டச் சொன்னால், நீங்கள் ஒரு சேவையை விலைக்கு வாங்குகிறீர்கள். வேலையில் குறை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். "விவசாயம் தொழில், ஆகவே நீ நுகர்வோர் அல்ல" என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். விதை வழக்கு ஒன்றில் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருப்பதை அப்போது எடுத்துக்காட்டலாம். எங்கு, எப்படி என்று கேட்க 1915 என்ற எண் இருக்கிறது.

மாறாக, நிற்கிற மரத்தை வியாபாரிக்கு விலை பேசி விற்று, அவரே ஆள் வைத்து வெட்டிச் செல்கிறார் என்றால், நீங்கள் விற்பவர், அவர் வாங்குபவர். நுகர்வோர் ஆணையத்துக்கு அங்கே வேலையில்லை. சமரசமோ சிவில் நீதிமன்றமோதான் வழி. "மரத்தை எடுத்துக்கொள், வேரைப் பறித்து இடத்தைச் சுத்தம் செய்து கொடு, பணம் இருபக்கமும் வேண்டாம்" என்று பேசும் வழக்கமும் உண்டு. இது எந்த வகையில் சேரும் என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. அதனாலேயே, ஒரு சிறு தொகையாவது கூலி என்று குறிப்பிட்டு ரசீது வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பணத்தையும் மரத்தையும் நிறுத்தி வைப்பது

கூலி பாக்கி இருந்தால், சேதத்தின் அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள். ஏன் பிடித்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். ஆயிரம் ரூபாய்ச் சேதத்துக்கு இருபதாயிரம் கூலியையும் நிறுத்தினால், உங்கள் பக்க நியாயம் குறைந்துவிடும்.

மரத்தை விற்றவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கடன் தவணை எதுவும் பேசாமல் விற்றிருந்து, விலை பாக்கி இருக்கும் வரையில், உங்கள் நிலத்தில் கிடக்கும் மரத்தை ஏற்ற விடாமல் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் விலை முழுவதையும் வாங்கிய பிறகு, சேதத்தைக் காட்டி மரத்தை மறிப்பது சரியல்ல. மிஷினைப் பிடுங்கி வீட்டில் பூட்டுவது, பொக்லைன் சாவியை எடுப்பது, ஆட்களை அடைத்து வைப்பது போன்றவற்றை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கேஸ் உங்கள் மேல் திரும்பும். உங்கள் கூரை உடைந்த கதை காணாமல் போய்விடும்.

அடுத்தவர் நிலம், மின்கம்பி

மரம் பக்கத்துக்காரர் வேலி மேலோ வீட்டு ஓட்டின் மேலோ விழுந்துவிட்டால், ஒப்பந்தக்காரரைத் தேடுவதற்கு முன் பக்கத்துக்காரரைப் போய்ப் பாருங்கள். தனியாக ஒப்பந்தம் எடுத்தவர் செய்த தவறுக்கு அவரே பொறுப்பு என்பது பொது விதி. ஆனால் ஆபத்தான வேலையாக இருந்து, அல்லது "இந்தப் பக்கம் சாய்" என்று நீங்களே நின்று சொல்லியிருந்தால், உங்களையும் சேர்த்து வழக்குப் போட இடமுண்டு. மேலும், ஒப்பந்தக்காரர் ஊரைவிட்டுப் போய்விடுவார். வாய்க்கால் தண்ணீருக்கும் வண்டிப் பாதைக்கும் தினமும் முகம் பார்க்க வேண்டியவர் பக்கத்துக்காரர்தான். மூன்று பேரும் சேர்ந்து, யார் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் பகை வளராது.

மின்கம்பி எட்டும் தூரத்தில் நிற்கும் மரத்தை வெட்டும் முன், மின்பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். சொல்லாமல் வெட்டிக் கம்பம் ஒடிந்தால், முதல் கேள்வி நிலத்துக்காரரிடம்தான் வரும்.

பொக்லைன், லாரி முதலியவை ஊர்ப் பாதையில் சேதம் செய்திருந்தால், அந்த வண்டிக்கு இருக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்க வழியுண்டு. சொந்த வயலுக்குள் நடந்தது என்றால், "பொது இடம் அல்ல" என்று காப்பீட்டுக் கம்பெனி தகராறு செய்யும். இதற்கு வக்கீலின் யோசனை தேவை.

எங்கே போவது?

போலீசுக்குப் போனால் "இது சிவில் விவகாரம்" என்று சொல்லக்கூடும். அது முழுக்கத் தட்டிக்கழிப்பு அல்ல. வேண்டுமென்று செய்த நாசம்தான் குற்றம். கவனக்குறைவால் பொருள் சேதமானது பெரும்பாலும் நஷ்ட ஈட்டு விவகாரமே. எனினும் ஆளுக்கு அடிபட்டிருந்தாலோ, மிரட்டல் இருந்தாலோ, ஒப்பந்தக்காரர் ஓடிவிட்டாலோ மனுக் கொடுத்து, அதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். தேதியோடு கூடிய ஆதாரம் அது.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு இத்தகைய மனுவோடு அலைபவர்களைப் பார்க்கிறேன். இரு தனி நபர்களுக்கு இடையிலான நஷ்ட ஈட்டை ஆட்சியர் தீர்ப்பாகச் சொல்ல முடியாது. பஸ் செலவுதான் மிச்சம்.

அதைவிட, தாலுகா சட்டப்பணிகள் குழுவில் ஒரு மனுக் கொடுப்பது மேல். வழக்குப் போடும் முன்பே எதிர்த்தரப்பை அழைத்துப் பேசவைத்து, மக்கள் நீதிமன்றத்தில் முடித்து வைப்பார்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்பட்ட முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்துப் போடும் முன் தொகையையும் தேதியையும் இரண்டு முறை படியுங்கள். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீலும் உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

சிவில் வழக்கு கடைசி வழி. பெரும்பாலும் 3 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். தடயம் அழிந்துவிடும் என்றால், நேரில் பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனரை நியமிக்கும்படி வழக்கோடு சேர்த்துக் கேட்கலாம்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிப்பதில் தவறில்லை. சிறு சேதங்களுக்கு அதுவே ஏற்றது. "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிக் கேட்பார்கள். அப்போது, பின்னால் தெரியவரும் குழாய்ச் சேதமும் மரத் தண்டுக் காயமும் நீங்கலாக என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த முறை ஆள் விடும் முன்

சந்தனம், தேக்கு, ஈட்டி போன்ற மரங்களுக்கும், மலைப் பகுதி மரங்களுக்கும் அனுமதி பற்றி வனத்துறையில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் வெட்டியிருந்தால், சேதத்தைப் பற்றிப் புகார் சொல்லப் போகிற இடத்தில் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

குழாய் போகும் பாதையில் குச்சி நட்டு, வண்டி எந்த வழியாக வர வேண்டும் என்று காட்டுங்கள். நிற்கிற தென்னையின் அடியிலிருந்து 6 அடி தூரத்துக்குள் பொக்லைன் ஏற வேண்டாம் என்று சொல்லுங்கள். உணவெடுக்கும் வேர்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வேலைக்கு முந்தின நாள் கொட்டகை, வேலி, மரங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். "முன்பே உடைந்திருந்தது" என்பதற்கு அதுதான் பதில்.

முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினால் நல்லது. முடியாவிட்டால் நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் ஒன்றும் இல்லாததைவிட மேல். வாசகம் இப்படி இருக்கலாம்:

"இன்ன சர்வே எண் நிலத்தில், சிவப்புப் பெயின்ட் குறி போட்ட 12 மரங்களை மட்டும் வெட்டி, அடிக்கட்டை, கழிவு உட்பட எல்லாவற்றையும் இன்ன தேதிக்குள் அப்புறப்படுத்த ஒப்புக்கொள்கிறேன். மொத்தக் கூலி ரூபாய் இவ்வளவு. முன்பணம் இவ்வளவு பெற்றுக்கொண்டேன். என் ஆட்களாலோ வண்டியாலோ கட்டடம், குழாய், வேலி, மின்சாதனம், குறி போடாத மரம், அடுத்தவர் சொத்து எதற்குச் சேதம் ஏற்பட்டாலும் நானே ஈடு செய்கிறேன். என் ஆட்களின் பாதுகாப்புக்கு நானே பொறுப்பு. கூலியில் பத்தில் ஒரு பங்கை, மோட்டார் ஓட்டிக் குழாய்களைச் சோதித்து, காயம்பட்ட மரங்களை 3 மாதம் கவனித்த பிறகு பெற்றுக்கொள்கிறேன்."

கீழே ஒப்பந்தக்காரரின் பெயர், தகப்பனார் பெயர், முகவரி, வண்டி எண், இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். ஆளுக்கொரு பிரதி.